‘சேவியர் டஸ் டூ’: நாகலூரில் ஒரு வாக்கியம் பட்ட பாடு

நான் வேலை பார்த்த மொழி ஆய்வு நிறுவனத்தில் இப்போது இருக்கும் ஒரு பெண் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓர் ஆங்கில வாக்கியம் காதுக்குச் சரியாகப் படுகிறதா இல்லையா என்று ஜனங்களிடம் கேட்க, இப்போதெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டால் போதுமாம். மதியம் ஏற்றினால் சாயங்காலக் காபிக்குள் ஊர்ப்பட்ட பேர் பதில் அனுப்பிவிடுகிறார்களாம். “உங்க காலத்துல எப்படி சார் செஞ்சீங்க?” என்றாள்.

“பஸ் ஏறிப் போய்க் கேட்டோம்மா.”

சிரித்தாள். அவள் சிரித்தது நியாயம்தான். ஆனால் பஸ் ஏறிப் போய்க் கேட்டதில் எனக்கு நடந்ததெல்லாம் ஒரு கணினிக்கு நடக்க வாய்ப்பே இல்லை. அவளுக்குச் சொல்ல ஆரம்பித்து, தொலைபேசியில் சொல்லி முடியாமல், எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேலம். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவனை இந்த வேலைக்கு எடுத்தார்கள். கள ஆய்வாளர் என்று பதவியின் பெயர். களம் என்றதும் வீட்டில் எல்லோரும் நெல் சம்பந்தப்பட்ட உத்தியோகம் என்று நினைத்தார்கள். நானும் ரொம்ப நாள் திருத்தவில்லை. ஏனென்றால் உண்மையில் என்ன வேலை என்று சொன்னால் இன்னும் குழப்பம்.

வேலை இதுதான். ஆங்கிலத்தில் ஒரு செயலை இரண்டாவது முறை சொல்ல வேண்டி வந்தால் அதை முழுசாகச் சொல்லமாட்டார்கள். மேரி காபி குடித்தாள், ஜானும் காபி குடித்தான் என்பதை, ‘மேரி ட்ரேங்க் காபி, அண்ட் ஜான் டிட் டூ’ என்பார்கள். இரண்டாம் பாதியில் குடித்ததும் இல்லை, காபியும் இல்லை. ‘டிட்’ என்று ஒன்று மட்டும் நிற்கும். சட்டையை எடுத்துக்கொண்டு ஆணியைச் சுவரிலேயே விட்டுவிட்ட மாதிரி. கேட்கிறவர் ஆணியைப் பார்த்தே எந்தச் சட்டை தொங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வினைத்தொடர் நீக்கம் என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு. எந்த இடத்தில் இப்படி எடுத்தால் காது ஏற்றுக்கொள்ளும், எந்த இடத்தில் உறுத்தும் என்று, ஆங்கிலம் தினசரி புழங்குகிறவர்களிடம் கேட்டு வர வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்துக்குப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் திரளாக இருந்த இடம் ஏற்காடு. கான்வென்ட் பள்ளிக்கூடங்கள், மிஷன் பள்ளிக்கூடங்கள், எஸ்டேட் ஆபீஸ்கள், ஹோட்டல்கள். அதனால் நான் மலை ஏறினேன்.

எனக்கு மேலதிகாரி பத்மாவதி மேடம். மெட்ராஸ்காரர். நூல் புடவை, கான்வாஸ் ஷூ, கைத்தடியாகவும் உதவுகிற பெரிய குடை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வேலை நன்றாக இருந்தால் “அப்புறம்?” என்பார். மோசமாக இருந்தாலும் “அப்புறம்?”தான். எந்த ‘அப்புறம்’ எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அவருடைய முறை மிகவும் கறார். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனி அட்டையில் தட்டச்சு செய்திருக்கும். அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒவ்வொன்றாகப் படித்து மூன்று அடுக்கில் ஏதாவது ஒன்றில் வைப்பார். நான் இப்படிச் சொல்லுவேன் என்றால் முதல் அடுக்கு. நான் சொல்லமாட்டேன், மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றால் நடு அடுக்கு. யாருமே சொல்லமாட்டார்கள் என்றால் கடைசி. ‘சரியா, தப்பா’ என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் பள்ளிக்கூட வாத்தியார் ஞாபகத்துக்கு வந்து எல்லோரும் பயந்துவிடுவார்கள். தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. எதைச் சொன்னாலும் “சரிங்க, அடுத்தது” என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வார்த்தையை மேடம் எதிரில் உட்கார்ந்து எனக்குப் பழக்கிவிட்டார். அட்டை முடிகிற வரைக்கும் அவர்கள் வீட்டில் காபி குடிக்கக் கூடாது. “காபி கொடுத்துட்டா நீங்க விருந்தாளி. விருந்தாளி மனசு நோகக் கூடாதுன்னு எல்லாத்தையும் முதல் அடுக்குல வெச்சுடுவாங்க.”

காபித் தோட்டத்துக்கு நடுவில் காபி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே மனிதன் நான்தான்.

முறை என்னவோ கறார்தான். மனிதர்கள் அதற்குள் அடங்குவார்களா? ஏற்காடு ஊர் நடுவில், ஒண்டிக்கடை என்கிற இடத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர் எல்லா அட்டையையும் முதல் அடுக்கிலேயே வைத்தார். “கெஸ்ட் எப்படிச் சொன்னாலும் நமக்குப் புரியணுமுங்க. தப்புன்னு சொன்னா ரூமைக் காலி பண்ணிப்போட்டுப் போயிருவாங்க,” என்றார். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து சிஸ்டர் அடுக்கே வைக்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்து அத்தனை அட்டையையும் திருத்தி, கீழே மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடம் ‘தி கேட் ஷுட் ஹாவ் பீன் லாக்ட், பட் நோபடி டிட்’ என்ற அட்டை போயிற்று. கேட் பூட்டப்பட்டிருக்க வேண்டும், யாரும் பூட்டவில்லை என்று அர்த்தம். முதல் பாதி ‘பூட்டப்பட’ என்று போக, இரண்டாம் பாதி ‘பூட்ட’ என்று திரும்புவது சிலர் காதை உறுத்தும், சிலருக்கு உறுத்தாது. அதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தோம். அவர் படித்தார், முகம் சிவந்தது. “ஏனுங்க, எந்த கேட்டுங்க? மேல்கேட்டா, ஸ்டோர் கேட்டா?” என்று எழுந்தே விட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரணை நடந்து முடிகிற வரை என் மிச்ச அட்டைகள் மேசைமேலேயே கிடந்தன.

இதையெல்லாம் மேடத்திடம் சொன்னபோது, “அதுவும் பதில்தான், எழுதிக்குங்க. அப்புறம்?” என்றார். அது நல்ல ‘அப்புறம்’.

இனி லாரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் கட்டு அட்டைகளில் எல்லாமே ஜான், மேரி, பில் என்று பெயர்கள். படிக்கிறவர்களுக்கு அந்நியமாக இருந்தது. மலையில் புழங்குகிற பெயர்களாகப் போட்டால் சொந்தப் பேச்சு மாதிரி படிப்பார்கள் என்று மேடம் முடிவு செய்தார். மலைமேல் நாகலூர் என்கிற ஊரில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் லாரன்ஸ் டெய்லர்ஸ், அந்தப் பக்கம் சேவியர் பேக்கரி. மேடம் இரண்டு பலகையையும் பார்த்தார். “இந்த ரெண்டு பேரு போதும்,” என்றார். அடுத்த வாரம் தட்டச்சு ஆகி வந்த புதுக் கட்டில் ஓர் அட்டை இப்படி இருந்தது: ‘லாரன்ஸ் லவ்ஸ் ஹிஸ் வைஃப், அண்ட் சேவியர் டஸ் டூ.’

லாரன்ஸ் தன் மனைவியை நேசிக்கிறார், சேவியரும். இந்த வாக்கியத்தில் ஒரு சிக்கல் வைத்திருந்தோம். சேவியர் யாரை நேசிக்கிறார்? தன் சொந்த மனைவியை என்றும் எடுத்துக்கொள்ளலாம். லாரன்ஸின் மனைவியை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தின் ‘ஹிஸ்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கும். இந்த ஓர் அட்டைக்கு மட்டும், அடுக்கில் வைத்த பிறகு, “உங்களுக்கு என்ன புரிஞ்சுதுங்க?” என்று கேட்க வேண்டும். முதலில் தோன்றிய அர்த்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டை முதலில் படித்தவர் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

“இதை நான் சொல்லுவேனான்னா கேக்கறீங்க? இந்த மலையே சொல்லுமுங்க!” என்று முதல் அடுக்கில் வைத்தார்.

“உங்களுக்கு என்ன புரிஞ்சுதுங்க?”

“புரியறதுக்கு என்னங்க இருக்குது? லாரன்ஸ் பொண்டாட்டியைத்தான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சரிங்க, அடுத்தது,” என்றேன்.

மறுநாள் காலை நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் என் வழியை மறித்தார். லாரன்ஸ். பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏனுங்க தம்பி, உங்க அட்டையில எம்பட ஊட்டுக்காரி எதுக்குங்க வந்தா?”

கம்பவுண்டர் முந்தின நாள் சாயங்காலமே டீக்கடையில் அட்டையைத் தமிழ்ப்படுத்திவிட்டிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் திறந்திருந்த வாக்கியம். தமிழில் சொல்லும்போது ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துத்தானே ஆக வேண்டும்? அவர் எடுத்த பக்கம்: ‘லாரன்ஸுக்கு அவம் பொண்டாட்டி மேல ஆசையாம், சேவியருக்கும் அவ மேலயேதான் ஆசையாம். அச்சடிச்ச அட்டையில இருக்குது.’

நான் லாரன்ஸிடம் இன்னோர் அர்த்தத்தைச் சொன்னேன். “அப்படி இல்லீங்க. சேவியர் அவரோட சொந்த மனைவி மேல...”

“அவனுக்கு ஏதுங்க பொண்டாட்டி?”

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. சேவியருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதற்கும் மேல், லாரன்ஸின் மனைவி ஸ்டெல்லாவைப் பல வருஷங்களுக்கு முன்பு முதலில் பெண் பார்க்கப் போனவரே சேவியர்தான். பெண் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு லாரன்ஸுக்குக் கொடுத்தார்கள். எதிரெதிர்க் கடையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். இலக்கணப்படி அந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம். நாகலூரில் ஒன்றே ஒன்று.

அதோடு முடியவில்லை. ராத்திரி வீட்டில் லாரன்ஸ், “அந்த அட்டைக்காரன்கிட்ட நீ என்ன சொன்னே?” என்று மனைவியைக் கேட்டிருக்கிறார். ஸ்டெல்லா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னுடைய அட்டைகளை அந்த வாரம் படிப்பதாக இருந்தவர். இன்னும் ஒரு அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. விடிந்ததும் ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு வெள்ளக்கடை ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கும் சேதி போய், ஊர்ப் பேச்சு அடங்குகிற வரை ஸ்டெல்லா வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒண்டிக்கடைக்குத் திரும்பி ஓடி, போஸ்ட் ஆபீஸிலிருந்து சேலத்துக்கு ட்ரங்க் கால் போட்டு மேடத்திடம் சொன்னேன். ‘அப்புறம்’ வரவில்லை. “அடுத்த பஸ்ஸுல வர்றேன்,” என்றார்.

வந்தார். நாகலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நான் கெஞ்சினேன். “ஒரே ஒரு அர்த்தம்தான் வரும், இன்னொண்ணு இலக்கணப்படி வரவே வராதுன்னு சொல்லிடுங்க மேடம். நீங்க சொன்னா நம்புவாங்க.”

“வரும், குமரேசன்.”

“ஒரு குடும்பத்துக்காக, மேடம்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலைச்சரிவு முழுக்கக் காபிச்செடி பூத்து வெள்ளையாகக் கிடந்தது. “பொய் சொல்லி அந்தம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, நாளைக்கு வேற யாராவது இன்னொரு அர்த்தத்தை அவங்க புருஷனுக்கு எடுத்துச் சொல்லுவாங்க. அப்ப யாரு போறது?” என்றார். பிறகு என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்வது போல, “பலகையைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கலை,” என்றார்.

ஒரு பெண்மணி கடைக்கு வந்திருக்கிறார் என்று லாரன்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டார். தையல் மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை பாதியில் நின்றது. மேடம் உட்காரவில்லை.

“உங்க பேரையும் எதிர்க்கடைக்காரர் பேரையும் பலகையில பார்த்து எடுத்தது நான்தான். வேற எதுவும் எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க.”

“அது கெடக்குதுங்கம்மா. நீங்க நொம்பப் படிச்சவங்க. அதுக்கு என்ன அர்த்தம்? அதை மட்டும் சொல்லுங்க.”

“ரெண்டு அர்த்தமும் வரும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வாக்கியத்துக்கு ரெண்டு வரும்,” என்றார் மேடம். “சேவியர் மனசுல என்ன இருக்குன்னு வாக்கியத்துக்குத் தெரியாது. அது நான் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதினது.”

“அப்ப யாருக்குங்க தெரியும்?”

கடை வாசலில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு சேவியர் உள்ளே வந்தார். முழங்கை வரைக்கும் மைதா மாவு. வருஷக்கணக்கில் அவர் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

“எனக்குத் தெரியுமுங்க,” என்றார். லாரன்ஸைப் பார்த்துத்தான் சொன்னார். “பொண்ணுப் பார்க்கப் போனேன். கெடைக்கலை. அன்னிக்கு வருத்தந்தான். அதுக்கப்புறம் அடுப்பும் நானுமாப் பொழப்பு ஓடிப்போச்சு. டீச்சரம்மா ரோட்டுல போனா நான் உள்ள போயிருவேன், உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு. இதுக்கு மேல என்னங்க செய்யறது? நேத்துல இருந்து ஊரே நின்னுக்கிட்டு, சேவியருக்குப் பொண்டாட்டி இல்லை, பொண்டாட்டி இல்லைன்னு கணக்குப் பார்க்குது. எனக்குத் தெரியாதுங்களா அது?”

வாசலில் நின்ற கூட்டம் தானாகவே கரைந்தது. சேவியர் என் பக்கம் திரும்பி, “தம்பி, அந்த அட்டையில எம்பேரை அடிச்சுப் போடுங்க,” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார். லாரன்ஸ் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “சேவியரு, நில்லு,” என்றார் கடைசியில். இவர் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவர் அடுப்படிக்குள் போய்விட்டார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் லாரன்ஸ் சேவியர் கடைக்குப் போய், ஸ்டெல்லாவின் அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கென்று வர்க்கி வாங்கினார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வர்க்கிப் பொட்டலம் தேவைக்கு மிகப் பெரிதாக இருந்தது.

வெள்ளக்கடைக்குப் புறப்படுவதற்கு முன்னால் மேடமும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியையிடம் மேடம் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். “ஸ்டெல்லா அந்த அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. தப்பு என் மேலே, நீங்க நிறுத்தறதுன்னா எங்க ஆராய்ச்சியை நிறுத்துங்க,” என்றார். அந்த அம்மாள் யோசித்துவிட்டு, திங்கட்கிழமை ஸ்டெல்லா வரட்டும் என்றார். ஆராய்ச்சியையும் நிறுத்தச் சொல்லவில்லை. டீச்சர்கள் பெயரைப் போடாமல் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். அன்றோடு மேடம் நாகலூர் பதில்கள் அத்தனையையும் விலக்கிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் அட்டைகளில் ஊர்க்காரர் பெயர் ஒன்றுகூட வரவில்லை. புதுப் பெயர் போடுவதற்கு முன்னால் அந்த வட்டாரத்தில் நாலு பேரிடம் விசாரிப்பது என் வேலையின் ஒரு பகுதியாகி, நான் ஓய்வு பெறுகிற வரை தொடர்ந்தது.

மத்தியானத்துக்கு மேல் எஸ்டேட் ஜீப் ஒன்றில், மூட்டைகளுக்கு நடுவே மேடம், நான், லாரன்ஸ், வர்க்கிப் பொட்டலம் என்று வெள்ளக்கடை போய்ச் சேர்ந்தோம். ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் சாக்கை விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கணவரை மட்டும் பார்க்கவில்லை.

மேடம் அங்கேயும் மன்னிப்புக் கேட்டார். ஸ்டெல்லா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பரவாயில்லீங்க மேடம். எல்லாரும் பார்த்தாச்சு. நான் அந்த அட்டையைப் பார்க்கலாமுங்களா?”

மேடம் தயங்கினார். இவ்வளவு பேச்சு கேட்ட பிறகு ஒருவர் சொல்லும் பதில் எங்கள் ஆராய்ச்சிக்கு உதவாது. முறைப்படி கொடுக்கக் கூடாது. கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா மிளகுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வகுப்பில் வாசிப்பது போல நிறுத்தி வாசித்தார். இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“வாக்கியம் நல்லாத்தானுங்க இருக்குது. நானும் இப்படிச் சொல்லுவேன்,” என்றார். “எல்லாரும் இந்த ரெண்டாவது பாதிக்குச் சண்டை போட்டிருக்கீங்க. எனக்கு மொதல் பாதிதானுங்க சந்தேகமா இருக்குது.”

மேடம் குடையின் கைப்பிடியைப் பார்த்தார். நான் மிளகைப் பார்த்தேன். அட்டையின் முதல் பாதி என்னவென்று லாரன்ஸுக்கு ஆங்கிலம் தெரிந்துதான் புரிய வேண்டும் என்பதில்லை. ஊரே இரண்டு நாளாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. மனிதருக்கு வியர்த்துவிட்டது. கழுத்தில் மறந்துபோய் இன்னும் தொங்கிய அளவு நாடாவை உருவிக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

“ஸ்டெல்லா,” என்றார். நிறுத்தினார். உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றோம்.

“எனக்கு உன்னை நொம்பப் புடிக்கும், ஸ்டெல்லா. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நான் உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது.”

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று ஒன்றையும் விடாமல், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, நாலு பேருக்கு முன்னால் முழுசாகச் சொன்னார். அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று அக்காவின் முகமே சொன்னது.

ஸ்டெல்லா அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கீழே குனிந்து மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே, “எனக்கும்தானுங்க,” என்றார். “ஆனா ஞாயித்துக்கெழமைதான் வருவேன். ஊட்ல துணி நெறையக் கெடக்குது, அதுக்குள்ள நீங்களே தொவைச்சு வையுங்க.”